மூன்றாவது ஆள்

உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாட்டனைத் தூக்கில் போட்டவனுடைய கல்லறை உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? இடித்துத் தள்ளிவிட்டு நாலு வாழைக்கன்று வைப்பீர்களா? இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வைப்பீர்களா?

'நம் வீட்டுக் கொல்லையில் எவன் கல்லறை இருக்கப் போகிறது?' என்று சிரிக்காதீர்கள். ஓர் ஊருக்கே அப்படி ஒரு கொல்லை இருக்கிறது. ஊர், பாஞ்சாலங்குறிச்சி.

திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் நெல்லையப்பரைப் பார்ப்பார்கள். குற்றாலத்தில் குளிப்பார்கள். இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்பார்கள். கொஞ்சம் சரித்திர ஆசை உள்ளவர்கள் ஒரு வண்டி பிடித்து ஒட்டப்பிடாரம் வரை வருவார்கள். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம்தான். வ.உ.சி. பிறந்த மண். அங்கிருந்து 3 கிலோமீட்டரில் பாஞ்சாலங்குறிச்சி. 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை, உள்ளே கட்டபொம்மன் சிலை, சுவரெல்லாம் சித்திரம், பக்கத்திலேயே சக்கம்மா கோயில். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலைக்கு முன்னால் நின்று சிவாஜி வசனம் பேசிப் பார்ப்பார்கள். அப்பாக்கள் போட்டோ எடுப்பார்கள். அத்தோடு வண்டி திரும்பிவிடும்.

திரும்பாமல் இன்னும் கொஞ்சம் நடந்தால், காட்டுக்கு நடுவில் ஒரு சுற்றுச்சுவர் தெரியும். உள்ளே கல்லறைகள். இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்து செத்துப்போன வெள்ளைக்காரர்களுடையவை. ஒட்டப்பிடாரத்திலும் இதே மாதிரி உண்டு. கூட்டம் கிடையாது. டிக்கெட் கிடையாது. வெயிலும் ஆட்டுக்குட்டிகளும்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் தேதியோடு ஒருமுறை பார்த்துவிடலாம். 1799 செப்டம்பர் 5. மேஜர் பானர்மேன் தலைமையில் கம்பெனிப் படை கோட்டையைத் தாக்கியது. கருங்கல் கோட்டைகூட இல்லை, மண்சுவர். பீரங்கிக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று வந்தவர்களுக்குச் சரியான அடி. காலின்ஸ், பிளேக், டார்மியூ என்று இளவயது லெப்டினன்ட்கள் செத்து விழுந்தார்கள். பிறகு கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி, புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

முடிந்தது என்று கம்பெனி நினைத்தது. முடியவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்து கிடந்த கோட்டை சில நாட்களுக்குள் மறுபடி எழும்பி நின்றது. மார்ச் 31-இல் தாக்கிய கம்பெனிப் படை பெரிய சேதத்தோடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்து, மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. நவம்பரில் ஊமைத்துரையை அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்றும், ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள் என்றும் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஒரு பக்கம் ஓர் ஊரின் பெயரை அழித்தார்கள். இன்னொரு பக்கம் தங்கள் ஆட்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இரண்டையும் செய்தது ஒரே கம்பெனி, ஒரே காலத்தில், கூப்பிடு தூரத்துக்குள்.

அந்தச் சுவரோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

''கோட்டையப் பாத்துட்டு வாரீகளா அண்ணாச்சி?''

''ஆமா தாத்தா. இதையும் பாத்துட்டுப் போலாம்னு...''

''இதுல பாக்க என்ன இருக்கு? தூக்குல போட்டவனுக்குச் சொவரு கட்டி வச்சிருக்கு. எங்க ஆளுக எந்தக் குழியில கெடக்காகன்னு காட்ட ஒரு கல்லு உண்டுமா?''

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, சுவர் மேல் ஏறப் பார்த்த ஆட்டை, ''ஏய், எறங்கு, எறங்கு'' என்று கம்பால் தட்டி இறக்கினார். எதற்கு இறக்கினார் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். பாதுகாக்க வேண்டாம் என்று சொன்ன வாய். பாதுகாத்த கை.

அவர் கேள்விக்கு, படித்தவர்கள் ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருக்கிறோம். 'அந்தக் கல்லறைகள் நமக்குத்தான் பெருமை. எத்தனை வெள்ளைக்காரன் இங்கே விழுந்தான் என்பதற்கு அவனே வெட்டிக் கொடுத்த சாட்சி. இடித்தால் நம் வீரத்துக்கு ஆதாரம் போய்விடும்' என்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல். செத்துக் கிடப்பவனை நம் சர்டிஃபிகேட்டாக வைத்துக்கொள்வதற்குப் பெயர் நினைவா? ஆதாரம் வேறு இடத்தில் கிடைத்துவிட்டால் கல்லறையை இடித்துவிடலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

பெரியவரின் கேள்வியின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். 'எங்க ஆளுக எந்தக் குழியில கெடக்காக?' அதுதான் வலி. கல் இல்லாத இடத்தில் நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்?

பாட்டுக் கட்டினார்கள். கட்டபொம்மன் கதைப்பாடலையும் கூத்தையும் ஊர் ஊராகப் பாடினார்கள். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா.வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் நமக்குக் கிடைத்தது முதலில் பாட்டில்தான். வல்லநாட்டு மணிமண்டபமும் கவர்னகிரி நினைவிடமும் ரொம்பப் பிந்தி வந்தவை. கயத்தாறில் தூக்குமரம் இருந்த இடத்தைத் தாண்டிப் போன வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டு, அது பெரிய குவியலாகவே கிடந்தது என்பார்கள். எழுதத் தெரியாதவன் கட்டிய கல்லறை அது. பிற்காலத்தில் நடிகர் சிவாஜி கணேசன் அந்த நிலத்தை விலைக்கு வாங்கிச் சிலை வைத்தார்.

ஒரு பெயர் மட்டும் பாட்டுக்கும் வெளியே நிற்கிறது. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் கம்பெனி பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-இல் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அதில் ஒரு சம்பவம். கோட்டை விழுந்த அன்று, ஊர்ப் பெண்கள் பிணங்களுக்கு நடுவே தங்கள் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். ஒரு தாய்க்கு மகன் கிடைத்துவிட்டான். உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். அவனோ, 'என்னை விடு, பக்கத்தில் சாமி காயத்தோடு கிடக்கிறார், அவரைக் காப்பாற்று' என்கிறான். சாமி என்றால் ஊமைத்துரை. அவள் மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போகிறாள். தேடி வந்தவர்களிடம், வெள்ளைத் துணியால் அவரை மூடிவைத்து, அம்மை போட்டுச் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஒதுங்கிப் போய்விட்டார்கள்.

இதை எழுதி வைத்தவர் எதிரி. வியந்து வியந்து எழுதியிருக்கிறார். ஆனால் அவர் எழுத்தில் அவள் 'ஒரு தாய்', அவன் 'ஒரு மகன்'. அவ்வளவுதான். ஒரு கணத்தில் மகனா தலைவனா என்று முடிவெடுத்த ஒருத்திக்குப் பெயர் இல்லை.

அதே வெல்ஷ், சண்டைக்கு முந்தின சமாதான காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர். பிறகு அதே மருதுவை எதிர்த்துப் போருக்குப் போனார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். 1802 பிப்ரவரியில், போராளிகளில் 70-க்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமியும் அந்தக் கப்பலில் இருந்தான். 1818-இல் பினாங்கு போன வெல்ஷ், அங்கே அவனைப் பார்க்கிறார். ஆள் உருக்குலைந்து போயிருந்தான். தனக்கு வளரி சொல்லிக்கொடுத்தவனின் பிள்ளை. பார்த்தவர் கலங்கிப் போனார், எழுதி வைத்தார், திரும்பிவிட்டார்.

தூத்துக்குடிக் கடற்கரையில் சாயங்காலம் சுண்டல் தின்றுகொண்டு கப்பல் விளக்குகளைப் பார்க்கிறவர்கள், அதே கரையிலிருந்து போய்த் திரும்பாதவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம். உலகத்தில் கரையிறங்கிய படைகளுக்கு நினைவுச்சின்னம் நிறைய உண்டு. கரையேற்றி அனுப்பப்பட்டவர்களை நினைப்பவர்கள் கொஞ்சம்தான்.

இதுவரை இரண்டு ஆட்களைப் பற்றிப் பேசினோம். ஒருவன், கல்லில் பெயர் உள்ள வெள்ளைக்காரன். இன்னொருவன், பாட்டில் பெயர் உள்ள நம் வீரன். அந்தப் பெயரில்லாத தாய்கூட ஒரு கதையில் வாழ்கிறாள். அந்தச் சண்டையில் மூன்றாவதாக ஓர் ஆள் செத்தான். அவனைப் பற்றி யாராவது உங்களிடம் பேசியிருக்கிறார்களா?

கம்பெனிப் படை என்றதும் சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தோலுமாக ஒரு சித்திரம் மனசில் வரும். உண்மையில் வெள்ளைக்காரர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். பெரும்பகுதி நம் ஆட்கள். தமிழ் பேசினவன், தெலுங்கு பேசினவன், தக்கிணி உருது பேசினவன். மாசம் பிறந்தால் சம்பளம் என்பதற்காகச் சேர்ந்தவர்கள். ஊரில் மழையில்லை, நிலமில்லை, வீட்டில் தின்ன ஆள் அதிகம். இவர்களோடு எட்டயபுரம் பாளையத்து ஆட்களும் கம்பெனி பக்கம் நின்றார்கள். கோட்டைச் சுவரில் முதலில் ஏறச் சொன்னால் ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினார்கள். ஈட்டி வாங்கினார்கள். செத்தார்கள்.

அவர்களுக்கு அந்தச் சுற்றுச்சுவருக்குள் இடம் கிடையாது. அது வெள்ளைக்காரர்களுக்கு. நம் கதைப்பாடலிலும் இடம் கிடையாது. அவர்கள் எதிரிப் படை. மணிமண்டபம் கட்டவும் ஆள் இல்லை. எந்தச் சாதிச் சங்கமும் 'கம்பெனிக்காகச் செத்த எங்கள் பாட்டன்' என்று போஸ்டர் ஒட்டாது. சொந்த வீட்டிலேயே இரண்டு தலைமுறைக்குப் பிறகு பேச்சு நின்றிருக்கும்.

'கூலிக்கு மாரடித்தவன், துரோகி, அவனுக்கு எதற்கு நினைவு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்தே வருஷம் கழித்து, 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் கம்பெனியை எதிர்த்து எழுந்தவர்களும் இதே சென்னைப் படையின் சிப்பாய்கள்தான். அதே சிவப்புச் சட்டை. அதே சம்பளம். வேலூர்க்காரனுக்குத் தியாகி பட்டம் கொடுக்கிறோம். 1801-இல் செத்தவனுக்கு அந்த ஐந்து வருஷம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்? யாருக்குத் தெரியும். எதிர்த்திருக்கலாம். எதிர்த்தவர்களைச் சுட்டுமிருக்கலாம்.

மூன்றாவது ஆள் பாஞ்சாலங்குறிச்சியில் மட்டும் இல்லை. முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, இந்தியச் சிப்பாய்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். பாஸ்ராவுக்கு அருகே பெரிய நினைவுச்சின்னம் ஒன்றைப் பிரிட்டிஷார் எழுப்பினார்கள். 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம். அதில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, படைப்பிரிவின் பெயரும் கீழே ஓர் எண்ணிக்கையும்தான். 'மற்றும் இத்தனை பேர்' என்கிற மாதிரி. கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' போடுவோமே, அப்படி.

இத்தனைக்கும் போர்க் கல்லறைகளைப் பராமரிப்பதற்காக 1917-இல் ஏற்படுத்தப்பட்ட அந்த ஆணையத்தின் கொள்கையே, பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பதுதான். நூறு வருஷம் கழித்து, 2021-இல், அந்த ஆணையமே ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 45,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே பொறிக்கப்படவில்லை, அல்லது நினைவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். மன்னிப்பும் கேட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் இன்னும் கிட்டத்தில் வருகிறது. தாய்லாந்தில் காஞ்சனாபுரி என்ற ஊருக்குப் போனால், ஊர் நடுவிலேயே போர்க் கல்லறை. ஜப்பானியர் கட்டிய சயாம் - பர்மா ரயில் பாதையில் செத்த போர்க்கைதிகள் சுமார் 7,000 பேர். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகை. பார்க்கவே நெஞ்சு கனக்கும். அதே பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அவர்கள் எந்த நாட்டுப் படையும் இல்லை. கூலிகள். எனவே அந்தப் புல்வெளியில் அவர்களுக்கு வரிசை இல்லை. செத்தது ஒரே தண்டவாளத்தில், ஒரே நோயில். கல் மட்டும் கணக்குப் பார்த்து நடப்பட்டது.

இங்கே நீங்கள் என்னை நிறுத்த வேண்டும். 'அப்படியானால் எல்லாரும் ஒன்றா? கட்டபொம்மனும், அவரைப் பிடிக்க வந்தவனும், கூலிக்குச் சுட்டவனும் சமமா? செத்துவிட்டால் எல்லாக் கணக்கும் நேராகிவிடுமா?'

ஆகாது. ஆகவும் கூடாது. எதற்காகச் செத்தான் என்பது முக்கியம். அதை மறந்தால் சரித்திரமே வேண்டாம். நாம் இரண்டு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதுதான் நான் சொல்ல வருவது. மரியாதை ஒன்று, துக்கம் இன்னொன்று. மரியாதை என்பது சம்பாதிக்க வேண்டியது. சிலை, மணிமண்டபம், தபால்தலை, தெருப்பெயர் எல்லாம் அதில் சேரும். எல்லாருக்கும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். துக்கம் அப்படி இல்லை. அதைப் பெற ஒருவன் எந்தத் தகுதியும் காட்டவேண்டியதில்லை. பிறந்தான், ஒருத்தி பாலூட்டினாள், செத்தான். இவ்வளவு போதும்.

பிரான்சில் நார்மண்டிக் கடற்கரை. 1944 ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் கரையிறங்கிய இடம். கடலைப் பார்த்த மேட்டில் அமெரிக்கக் கல்லறை. வெள்ளைச் சலவைக்கல் சிலுவைகள் 9,000-க்கும் மேல். உலகமே வந்து வணங்குகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லா கம்ப் என்ற ஊரில் ஜெர்மானியக் கல்லறை. அங்கே 21,000-க்கும் மேற்பட்டவர்கள். கருத்த, குட்டையான சிலுவைகள். அதில் கிடப்பவர்களில் பிரெஞ்சு ஜனங்களுக்குச் சொல்லமுடியாத கொடுமை செய்தவர்களும் உண்டு. வெற்றி வளைவு கிடையாது, வீரவணக்கம் கிடையாது. ஆனால் புல் வெட்டியிருக்கிறது. பெயர் இருக்கிறது. தன் மண்ணைப் பிடிக்க வந்தவனுக்கு அந்த நாடு அவ்வளவு தூரம் போயிருக்கிறது. மரியாதை இல்லாத துக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

இதற்காகப் பிரான்ஸ் வரை போக வேண்டியதுகூட இல்லை. மகாபாரதத்தில் போர் முடிந்த பிறகு ஓர் இடம் வருகிறது. கதாகாலட்சேபக்காரர்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிற இடம். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்த திருதராஷ்டிரன் தருமனைப் பார்த்து ஒன்று கேட்கிறான். செத்துக் கிடப்பவர்களில் உறவு உள்ளவர்களும் இருக்கிறார்கள், யாருமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் எரிப்பாயா? தருமன் உடனே விதுரனையும் சஞ்சயனையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, ஒருவரும் அநாதையாகக் கிடக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறான். தூரதேசத்திலிருந்து வந்து, கேட்பாரில்லாமல் விழுந்தவர்களையும் சேர்த்து எரிக்கிறார்கள். எந்தப் பக்கம் நின்றான் என்று அந்த வேலைக்கு யாரும் விசாரிக்கவில்லை.

நம் தாமிரபரணிக் கரைக்கே வாருங்கள். ஆடி அமாவாசை அன்று பாபநாசம் படித்துறையிலும் குறுக்குத்துறையிலும் எள்ளும் தண்ணீருமாகக் கூட்டம் நெரியும். அப்பா, தாத்தா, பூட்டன், அம்மா வழி என்று வரிசையாகப் பெயர் சொல்லி விடுவார்கள். கடைசியில் ஒன்று உண்டு. தாய், தகப்பன், நண்பன், சுற்றம் என்று யாருமே இல்லாதவர்கள் எவரோ, அவர்களுக்காக ஒரு கை தண்ணீர். சாஸ்திரிகள் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவதால் அர்த்தம் நமக்குக் காதில் விழுவதில்லை. பாளையங்கோட்டையில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் ஆட்களுக்கு மெழுகுவத்தி ஏற்றிய கையோடு, நினைக்க ஆளில்லாத ஆன்மாக்களுக்காகவும் ஜெபம் செய்கிறார்கள். மேலப்பாளையத்தில் கபர்ஸ்தானுக்குள் நுழைகிறவர், தன் வாப்பாவின் கபருக்குப் போவதற்கு முன்னால், அங்கே அடங்கியிருக்கும் எல்லாருக்கும் சேர்த்து ஸலாம் சொல்கிறார். ஆற்றங்கரை ஒன்று, வழக்கம் மூன்று. சொல்கிற விஷயம் ஒன்றுதான்.

எதிரியையும் இந்த ஜனங்கள் விட்டு வைக்கவில்லை. 1809-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம், திருவிதாங்கூர்க் கோட்டை அரணைக் கம்பெனிப் படை தாக்கியபோது காயம்பட்டுச் செத்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ஆவிக்கு, தென்கோடித் திருநெல்வேலிச் சீமையில் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டார்கள் என்று, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு இது மூடநம்பிக்கையாகத் தெரிந்தது. பயத்தில் செய்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. வயசு தீராமல், சொந்த ஊருக்கு வெளியே, ரத்தம் சிந்திச் செத்தவன். யாராவது அவனைக் கவனித்தாக வேண்டும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்றுகூட யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

எனவே அந்தக் கொல்லைக் கல்லறைக்கு என் பதில் இது. இடிக்க வேண்டாம். மாலையும் போட வேண்டாம். புல்லைச் செதுக்கி வையுங்கள். அவனுடைய அம்மாவும் எங்கோ ஓர் ஊரில், கடிதம் வருமா என்று மாசக்கணக்கில் காத்திருந்தவள்தான். அவனுக்குத் துக்கம் காட்டுவதால் உங்கள் பாட்டனின் மரியாதையில் ஒரு குன்றிமணிகூடக் குறையாது. குறையும் என்று பயந்தால், அந்த மரியாதையின் மேல் நமக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது ஆளுக்கு என்ன செய்வது? அவன் விஷயம் கஷ்டம். செதுக்கப் புல் இல்லை. வாசிக்கப் பெயர் இல்லை. உங்கள் வீட்டிலேயே இப்படி ஓர் ஆள் இருக்கலாம். கோபித்துக்கொண்டு ஓடிப்போன சித்தப்பா, வேண்டாத கல்யாணம் செய்துகொண்ட அத்தை, போலீஸ் கேஸில் மாட்டிச் செத்துப்போன மாமா. விசேஷ வீடுகளில் குடும்ப மரம் சொல்லும்போது எல்லாரும் லேசாகத் தாண்டிப் போகிற பெயர். அவர்களுக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை. அவர் செய்தது சரி என்றும் சொல்லவேண்டாம். பிள்ளைகள் கேட்டால், ''அப்படி ஒருத்தர் இருந்தார், அவர் பெயர் இது'' என்று சொல்லிவிடுங்கள். ஒரு கை தண்ணீர் என்பது அவ்வளவுதான்.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனால் நினைவுக் கோட்டையைப் பாருங்கள். கட்டபொம்மனைக் கும்பிடுங்கள், அது அவர் சம்பாதித்தது. பிறகு அந்தச் சுற்றுச்சுவர் வரைக்கும் நடந்து போய், கல்லில் எழுத்து தெரிந்தால் பெயரையும் வயதையும் வாசியுங்கள். திரும்பி வரும்போது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெட்டவெளியில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அங்கே வாசிக்க ஒன்றும் இருக்காது. அங்கே நிற்கச் சொல்வது அதனால்தான்.